ஜாவாவா, பைத்தானா

— வேல நாளாச்சே, வெளிய வந்தா ஆபீஸ்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே, ரக்ஷிதா?

— பரவாயில்ல, உத்தமன் சார். நீங்கதான் பீன்யாலேருந்து மெட்ரோ புடிச்சி மல்லேஸ்வரம் வரைக்கும் வந்திருக்கீங்க. போன்லயே கேட்டிருக்கலாமே?

— போன்ல கேக்குற விஷயம் இல்லம்மா. நம்ம கம்ப்யூட்டர் சென்டர்ல அடுத்த பேட்ச்சுக்கு ஜாவாவா, பைத்தானான்னு போர்டு எழுதணும். பெயின்டர் வந்து வந்து திரும்பிப் போறான். நான்தான் இன்னும் முடிவு பண்ணல.

— உங்களுக்குத் தெரியாததா சார்? எனக்கு முதல் புரோகிராம் எழுதக் கத்துக் குடுத்ததே நீங்கதான்.

— அது வேற காலம். அப்பல்லாம் ஜாவா படிச்சா வேலன்னு கண்ண மூடிக்கினு சொல்லலாம். கேளும்மா, அம்புஜம்னு ஒருத்தவங்க, பீன்யாவுல கார்மென்ட்ஸ்ல தைக்கிறாங்க. புள்ள கிரண் டிப்ளமா முடிச்சவன். அவன கூட்டிக்கினு வந்து, எத்த படிச்சா வேல கெடைக்கும், அத்த மட்டும் சொல்லுங்கன்னாங்க. உன்ன மனசுல வெச்சிக்கினு ஜாவான்னேன்.

— என்னையா?

— ஜாவா படிச்சி வேலைக்குப் போன பொண்ணுன்னு உன் போட்டோவதானே சென்டர் செவத்துல மாட்டியிருக்கேன்! பையன் நல்லாத்தான் படிச்சான். ஆனா போன எடத்துலல்லாம் பைத்தான் தெரியுமா, டேட்டா தெரியுமான்னே கேட்டிருக்காங்க. இப்ப ஒரு கம்பெனியில பேக்கிங் செக்ஷன்ல இருக்கான். பஸ் ஸ்டாப்புல பாத்தா இன்னமும் குட்மார்னிங் சார்னு சொல்றான். திட்டியிருந்தாகூட தேவல.

— தப்பு உங்க மேல இல்ல சார்.

— யார் மேலன்னு நான் கேக்கல. இனிமே ஒருத்தரயும் அப்பிடி அனுப்பக் கூடாது. அதான், உள்ள இருக்குற ஆளக் கேட்டுடலாம்னு வந்தேன். உங்க ஆபீஸ்ல எத்த பாத்து ஆள் எடுக்குறாங்க? காபி ஆறுது பாரு.

— சார், நான் இப்ப உள்ள இல்ல.

— புரியலயேம்மா.

— வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. தீபாவளிக்கு முன்னாடியே. ஒரு கால் வந்தது. மேனேஜர் ஸ்னேஹா வீடியோ ஆன் பண்ணவே இல்ல. டீம்ல பாதிப் பேர் இனிமே தேவையில்லன்னு, எழுதி வெச்சதப் படிக்கிற மாதிரி சொன்னாங்க. நான் ஓகே மேடம், தேங்க்யூன்னேன். எதுக்கு தேங்க்யூ சொன்னேன்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன். கால் முடிஞ்ச உடனே லேப்டாப் லாக் ஆயிடுச்சு.

— வீட்டுல தெரியுமா?

— அம்மா சந்தாபுராலேருந்து தினமும் போன் பண்றாங்க. மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லி வெச்சிடறேன். ரூம்லயே இருந்தா சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்க வேலையே இல்ல. அதனால பேக்க மாட்டிக்கிட்டு ஆபீஸ் போற மாதிரி கெளம்பி, இங்கதான் வந்து உக்காருவேன். ஒருநாள் காபி குடுக்கறவர், லீவா மேடம்னு கன்னடத்துல கேட்டார். ஆமான்னேன். அம்மாவோட போனத் தவிர்த்தா, அன்னைக்கு முழுக்க நான் பேசினது அந்த ஒரு வார்த்தைதான்.

— எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?

— உங்க செவத்துல என் போட்டோ இருக்கே, சார்.

— அது கெடக்கட்டும். இன்டர்வியூ எதுனா போறியா?

— போறேன். கிரண்கிட்ட கேட்டதத்தான் என்கிட்டயும் கேக்கறாங்க. வீடியோ பாத்து பைத்தான் படிக்கலாம்னு ட்ரை பண்ணேன். தனியா உக்காந்திருக்கும்போது ஒரு எரர் வந்தா அப்படியே மூடி வெச்சிடறேன். பக்கத்துல ஒரு ஆள் இருந்து, இன்னொரு வாட்டி பாருன்னு சொன்னா, ஆக்சுவலி, அதுவே போதும்.

— அப்ப பைத்தான்னு எழுதிடலாம்.

— எழுதுங்க. ஆனா வேலை நிச்சயம்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க சார்.

— சொல்ல மாட்டேன். எனக்கே பைத்தான் அரகொறதாம்மா. இப்பதான் படிச்சிக்கினு இருக்கேன். உனக்கு ஒரு பாடம் முன்னாடி இருப்பேன், அவ்ளோதான்.

— போதும் சார். அந்த பேட்ச்ல என்னையும் சேத்துக்கங்க. பசங்களோட கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். எத்தன பேர் சேந்திருக்காங்க?

— உன்னயும் சேத்தா, ஒருத்தர்மா.