கங்காணியின் கால்கட்டு

பதுளை ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் மடுல்சீமையிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் நின்றார்கள்.

"அமெரிக்காவுல கறுப்புப் பொம்பளைங்க நர்ஸா இருக்காங்களாம்மா. அடிமையாக் கெடந்தவங்க புள்ளைங்களாம். மிஷன் அம்மா படம் காட்டி, என்னையும் நர்ஸுக்குப் படிக்கக் கூப்பிட்டாங்க."

"கறுப்பு கெடக்கட்டும்டி. நம்ம சாதிக்காரி கட்டுப் போட்டா இங்க யாரு காலை நீட்டுவா?"

நான் நீட்டியிருக்க மாட்டேன். மறைப்பதற்கில்லை.

அவர்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மேல்சாதிக் கங்காணி பக்கத்து பெஞ்சில் இருந்தார். அட்டை கடித்துப் புண்ணான கால்.

"ஏ புள்ள, கட்டு அவுந்துருச்சு. இறுக்கிக் கட்டு."

தாய் பதறினாள். "சாமி, நாங்க..."

"தெரியும். டாக்டர் வர்றதுக்குள்ள ஈ மொய்ச்சுரும். கட்டச் சொல்லு."

மகள் குனிந்து கட்டினாள். தாய் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் படிப்புக்கு எப்படிப் போகணுமாம்டி?"