வளைவில் நின்ற தண்ணீர்

ஒரு தொழிற்சாலைக்கு ஏர் டிரையர் தேர்ந்தெடுப்பது அப்படியொன்றும் சிரமமான வேலை இல்லை, மேடம். எவ்வளவு காற்று வேண்டும், அது எவ்வளவு காய வேண்டும், குழாய் எந்த வழியாகப் போகிறது, இவ்வளவுதான் கேட்க வேண்டும். முதல் இரண்டை எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதைக் கேட்பவனுக்கு எங்கள் ஆலையில் பட்டப்பெயர் வைப்பார்கள்.

நீங்கள் பெல்கிரேடிலிருந்து வந்த அரசு வழக்கறிஞர். கம்ப்ரஸர் அறைப் பக்கம் போயிருக்க மாட்டீர்கள். காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். அதை எடுக்கத்தான் டிரையர். ஒரு வகை, ஃபிரிட்ஜ் போலக் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கும். விலை குறைவு, சத்தம் கிடையாது. ஆனால் அந்தக் காற்று பிறகு உறைபனிக்குள் போனால் மிச்சமிருக்கும் ஈரமும் குழாயில் இறங்கிவிடும். இன்னொரு வகை, ஈரம் குடிக்கும் வெள்ளை மணிகள் நிரப்பிய இரட்டைக் கோபுரம். எந்தக் குளிருக்கும் தாங்கும். காயவைத்த காற்றில் கொஞ்சத்தைத் தானே தின்றுகொள்ளும். சில நிமிடத்துக்கு ஒருமுறை 'புஸ்' என்று பெருமூச்சு விடும்.

எங்கள் குழாய் கம்ப்ரஸர் அறையிலிருந்து திறந்த முற்றத்தைக் கடந்து, லாரி வாசல் அருகே தாழ்ந்து வளைந்து, பழைய தகரத்தை அமுக்கிக் கட்டும் பிரஸ் இருக்கும் கொட்டகைக்குப் போகிறது. ஜனவரியில் அந்த முற்றத்தில் நாய்கூட நிற்காது. ஆகவே நான் மணி வகையைக் கேட்டேன்.

இயக்குநர் வெலிபோர் ஸ்டாமெனிச் கட்சி வழியாக எங்களுக்குக் கிடைத்தவர். அதற்குமுன் சோபா விற்றுக்கொண்டிருந்தார். அவர் அறை கம்ப்ரஸர் அறைக்கு நேர் மேலே. விற்பனையாளர் மணி வகையின் பெருமூச்சைப் பதிவுசெய்து கொள்முதல் கமிட்டிக் கூட்டத்தில் போட்டுக் காட்டினார்.

"இது என்னய்யா, என் மாமியார் மாடிப்படி ஏறுற மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர்.

கமிட்டி சிரித்தது. சத்தத்தை அடக்க ஒரு சைலன்சர் போட்டால் போதும் என்றேன்.

"காத்தக் காயவைக்க இவ்ளோ செலவா? கொடியில தொங்கவிட்டா தானா காஞ்சிட்டுப் போகுது." மறுபடியும் சிரிப்பு. "நம்ம எஞ்சினியர் ஆலைக்குள்ள சகாரா பாலைவனத்தையே கொண்டுவரப் பாக்குறார். ஒட்டகம் யாரு மேய்க்கிறது? சொல்லுங்க, சகாரா!"

ஃபிரிட்ஜ் வகை வாங்கப்பட்டது. அதில் வண்ணத் திரை இருந்தது. அமைச்சகத்திலிருந்து ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். கத்தரி மழுங்கலாக இருந்ததால் இரண்டு பேர் ரிப்பனை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. 'இந்த நாட்டுத் தொழில் இன்றுமுதல் சுத்தமான காற்றைச் சுவாசிக்கும்' என்று இயக்குநர் பேசினார். அன்றிலிருந்து கேட் காவலாளிவரை எல்லோருக்கும் நான் சகாராதான்.

குழாயின் அந்த வளைவில், தண்ணீரை வடிக்க ஒரு சிறிய வால்வு இருக்கிறது. டிசம்பரில் குளிர் இறங்கியதும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் அதைத் திறந்துவிடுவேன். தண்ணீர் சீறி வெளியே வரும். மூடிவிட்டுப் போவேன். என் வேலை இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஏன் செய்தேன் என்றால், பிரஸ்ஸில் மிலிசாவ் இருந்தான். அந்தப் பிரஸ்ஸின் மூடியைத் தூக்கி நிறுத்தியிருப்பது காற்று மட்டும்தான். காற்று நின்றால் மூடி இறங்கும். முட்டுக்கட்டை வைத்துவிட்டுத்தான் உள்ளே கை விட வேண்டும் என்பது விதி. யாரும் வைப்பதில்லை. வைத்தால் ஒரு நாளைக்கு ஆக வேண்டியதில் பாதி வேலைகூட ஆகாது.

மிலிசாவ் என் கூம். தேவாலயத்தில் என் கல்யாணத்துக்குச் சாட்சியாக நின்றவன். எங்களிடையே அந்த உறவு, கூடப் பிறந்தவனைவிட ஒரு படி மேல்.

டிசம்பர் ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. வருடக் கடைசிக் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து நின்றார்.

"மாசம் பூரா ஒரு கோளாறு உண்டா? ஒரு சொட்டுத் தண்ணி உண்டா? சகாரா, இப்பவாவது ஒத்துக்கய்யா!"

கைதட்டினார்கள். மிலிசாவும் தட்டினான். அவன் பக்கத்தில் எல்லோரும் தட்டினார்கள், அவனும் தட்டினான், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அன்று எனக்கு ஒன்று புரிந்தது. நான் வால்வைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் அந்த மனிதர் சொல்வதுதான் சரி என்று நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப்பின் திறக்கவில்லை. என் வேலை இல்லாததை நிறுத்தினேன், அவ்வளவே.

ஜனவரியில் புனித யோவான் நாள் எங்கள் வீட்டு ஸ்லாவா, குடும்பத்தைக் காக்கும் புனிதருக்கு விருந்து வைக்கும் நாள். ஆலையில் பாதிக் குடும்பங்களுக்கு அதே புனிதர்தான், அதனால் அன்று பிரஸ் ஓடாது. குழாயில் காற்று நகராமல் நிற்கும். நகராத காற்றிலிருந்து தண்ணீர் இறங்கி வளைவில் சேரும். அன்று குளிர் மிகக் கடுமை.

ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை, வருகிறவர்கள் வருவார்கள். இயக்குநரும் வந்தார். மிலிசாவ் தன் மனைவி சோர்க்காவோடு வந்தான். மெழுகுவர்த்தி எரிந்தது. வீட்டுக்காரன் அன்று உட்காரக் கூடாது, நின்றுகொண்டே பரிமாற வேண்டும். நான் நின்றேன். என் மனைவி தெசாங்கா செய்த சர்மாவை மிலிசாவ் மூன்று தடவை கேட்டு வாங்கினான்.

"முட்டைக்கோஸ் இலைக்குள்ள கறிய வெச்சியா, இல்ல சொர்க்கத்த வெச்சியாம்மா?" என்றான் அவளிடம்.

"குடிச்சது போதும், சட்டையப் பாரு, பாதி சொர்க்கம் அதுலதான் இருக்கு" என்றாள் சோர்க்கா.

கிளம்பும்போது வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டே கேட்டான்.

"கூமே, காலையில மொத ஷிஃப்ட் நான்தான். இந்தக் குளிருக்குக் காத்து ஒழுங்கா வருமா? மூடி இறங்கித் தொலைச்சிரப் போவுது."

இயக்குநர் பக்கத்தில் நின்று காலணி போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரித்தார். "சொல்லுங்க சகாரா, பயமுறுத்துங்க பாப்போம்."

"புது டிரையர்தான் இருக்கே, கூமே. பயப்படாம போ" என்றேன்.

"அப்படி வாங்க வழிக்கு!" என்று இயக்குநர் என் தோளைத் தட்டினார். மிலிசாவ் எங்கள் வழக்கப்படி என் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுவிட்டுப் போனான். மீந்த கேக்கை அவனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

காலையில் ஜன்னலுக்கு வெளியே வெப்பமானியைப் பார்த்தேன். பிறகு டை கட்டிக்கொண்டேன்.

"டையா? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் தெசாங்கா.

"மீட்டிங் இருக்கு."

யாரும் மீட்டிங் கூட்டியிருக்கவில்லை.

மிலிசாவின் எண் என் போனில் இருந்தது. லாரி வாசல் நான் நடந்துபோகும் வழியில்தான் இருக்கிறது. வளைவுக்குக் கீழே ஒரு நிமிடம் நின்றேன். குழாயில் கை வைத்துப் பார்த்தேன், கை ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய்க் காபி போட்டேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் மிச்சமிருந்த காற்றில் மூடி ஒருமுறை ஏறியது. உள்ளே ஏதோ தகரம் மாட்டிக்கொண்டது. மிலிசாவ் அதை இழுக்கக் குனிந்தான். காற்று கசிந்து தீர்ந்தது. பின்னால் வந்திருக்க வேண்டிய காற்றைப் பனிக்கட்டி மறித்துக்கொண்டிருந்தது. மூடி மெதுவாகத்தான் இறங்குமாம். அவன் காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பான்.

அன்று மதியம் மீட்டிங் கூட்டினார்கள். நான் தயாராக இருந்தேன். ஒரே ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன், மேடம். அதை யாரும் சொல்லவில்லை. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டிரையர்ல ஒரு குறையும் இல்ல. டிசம்பர் பூரா ஓடுச்சே. பாவம், முட்டு வெக்காம உள்ள போயிட்டான்" என்றார். விசாரணை அறிக்கையும் அதையே சொல்கிறது. தவறு மிலிசாவுடையது. சோர்க்காவுக்கு இழப்பீடு இல்லை.

அடக்கத்தின்போது சோர்க்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ ஒருத்தன்தான் அன்னைக்கே வேணாம்னு சொன்னியாம், கூமே. அவரு சொல்லிட்டே இருப்பாரு." எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. ஒருவருக்காவது தெரிந்திருக்கிறது.

அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். டிசம்பரில் தண்ணீரை வடித்தது நான். ஜனவரியில் வடிக்காமல் விட்டது நான். குழாய் உறையும் என்று தெரியும், மூடி இறங்கும் என்று தெரியும், காலையில் அதன்கீழ் யார் குனிவான் என்றும் தெரியும். கேட்டவனிடம் பயப்படாமல் போ என்றேன். கொலை என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன்.

செத்துப்போன மனிதன்மேல் பழி நிற்கக் கூடாது என்பதற்காக மட்டும்தான் இதெல்லாம் சொல்கிறேன், மேடம். மிலிசாவின் பெயர் வரும் பகுதியைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். டிரையரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறார்களே, முதலில் அந்த வரியை அடியுங்கள்.