நாலாம் மாடி டீச்சருக்கு ஒரு ஸ்வெட்டர்

– ஐயோ, பிரிக்காதீங்க! அது உங்களுக்கு வந்தது இல்ல.

– என் வீட்டு மேஜை மேல இருக்கு. எனக்கு இல்லாம வேற யாருக்காம்?

– என் பிளாகுக்கு வந்தது.

– பிளாகுக்குப் பார்சல் எல்லாம் வருமா? இத்தனை வருஷமா லிஃப்ட் ரிப்பேர் பண்றேன், எனக்கு எவனும் ஒரு வாழைப்பழம் கூட அனுப்பினது இல்ல.

– எழுதினா வரும்.

– எனக்கும்தான் வந்துச்சு, உன் பிளாகால. என் குறட்டையைப் பத்தி எழுதினியே... கம்பெனில ஒருத்தன் விடாம படிச்சிருக்கான். நான் உள்ள நுழைஞ்சாலே, "மோட்டார் வந்துடுச்சு"ங்கிறானுங்க.

– உள்ளதைத்தானே எழுதினேன்? கட்டின பாவத்துக்கு நான் கேக்குறேன், அவங்க படிக்கவாவது செய்யட்டும். கை கழுவிட்டு வாங்க முதல்ல. கிரீஸ் கையோட அதைத் தொடாதீங்க.

– கழுவியாச்சு, பாரு. ஆமா, என் சாம்பல் கலர் சட்டை எங்க? நானும் ரெண்டு வாரமா தேடுறேன்.

– துவைக்கப் போட்டிருக்கேன்.

– ரெண்டு வாரமாவா துவைக்கிற?

– அழுக்கு அப்படி. பேச்சை மாத்தாதீங்க. இந்தப் பார்சல் யாருக்கு வந்திருக்குன்னு கேளுங்க.

– யாருக்கு?

– நாலாம் மாடி டீச்சருக்கு.

– க்ஹும்... க்ஹும்...

– என்னங்க, டீ புரை ஏறிடுச்சா?

– இல்ல... சூடு. எந்த டீச்சர்?

– எந்த டீச்சரா! வாரம் தவறாம நீங்க வந்து சொல்றீங்க, நான் பிளாக்ல எழுதுறேன். தபால் ஆபீஸுக்குப் பின்னாடி இருக்கிற கட்டடம், நாலாம் மாடி, ரிட்டயர் ஆன கணக்கு டீச்சர். லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சுன்னு உள்ள இருந்தவங்களை உயரப்படி நிக்க வெச்சு வாய்ப்பாடு சொல்லச் சொன்னாங்களே, அந்த டீச்சர்.

– ஓ... அவங்களா.

– ஊருக்கே தெரியும், உங்களுக்கு மறந்துடுச்சாக்கும். நேத்து கூட, நீங்க பண்ண ரிப்பேருக்குப் பத்துக்கு ஏழு மார்க் போட்டாங்கன்னு சொன்னீங்க.

– ஆறரை.

– ஆறரையா? அரை மார்க்கை எதுக்குப் பிடுங்கினாங்க?

– கதவு மூடும்போது முனகுதாம். கடைசி பெஞ்சுப் பையன் மாதிரி வாய்க்குள்ளயே ஏதோ பேசுதுன்னாங்க.

– இதை நேத்து சொல்லவே இல்லையே நீங்க! இருங்க, மறக்கிறதுக்குள்ள எழுதி வெச்சுக்கிறேன்.

– எழுதிக்கோ, எழுதிக்கோ... பார்சல்ல என்ன?

– ஸ்வெட்டர். ஒரு வாசகி தன் கையாலயே பின்னி அனுப்பியிருக்காங்க. டீச்சருக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு எழுதியிருந்தேன்ல? படிச்சுட்டு மனசு கேக்கலையாம்.

– குளிர் ஒத்துக்காதுன்னு நான் எப்போ சொன்னேன்?

– போன மாசம். லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி வேலை பார்த்துட்டு, வெடவெடன்னு நடுங்கிக்கிட்டே வந்தீங்க. "ஏங்க இப்படி நடுங்குறீங்க"ன்னு கேட்டேன். "என்னை விடு, அந்த டீச்சர்தான் பாவம், போர்வையைப் போத்திக்கிட்டு வந்து மார்க் போடுறாங்க"ன்னீங்க.

– சொல்லியிருப்பேன்.

– தொட்டுப் பாருங்க, எவ்வளவு மெத்துன்னு இருக்கு.

– நல்லாத்தான் இருக்கு... ஆனா ரொம்பப் பெருசா இல்ல? டீச்சர் ஒல்லி, ஊதினா பறந்துடுவாங்கன்னுதானே எழுதின?

– அளவு தெரியாம பின்னியிருப்பாங்க. குளிருக்குத் தொளதொளன்னு இருந்தா நல்லதுதான். நாளைக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க.

– நாளைக்கா? அந்தப் பக்கம் வேலை இல்லையே.

– நாளன்னைக்கு.

– அவங்க மகன் வீட்டுக்குப் போறாங்களாம்.

– டீச்சருக்கு ஏதுங்க மகன்? கரும்பலகையைத் தவிர யாரையும் கட்டிக்கலைன்னு நீங்கதானே சொன்னீங்க?

– மகன் மாதிரி. பழைய மாணவன்.

– சரி, எப்போ திரும்புவாங்க?

– நாளாகும்... ரொம்ப நாளாகும்.

– ஆகட்டும். வந்ததும் நானும் உங்க கூட வரேன். நேர்ல பார்க்கணும்னு எவ்வளவு நாளா ஆசை தெரியுமா?

– நீயா? வேண்டாம்மா. அவங்களுக்குப் புது ஆளுங்களைக் கண்டா ஆகாது.

– உங்களை மட்டும் எப்படி உள்ள விட்டாங்க?

– நான் டூல் பாக்ஸோட போறேன்.

– நானும் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கையில பிடிச்சுக்கிறேன். என்னங்க... ஏன் இப்படித் திருதிருன்னு முழிக்கிறீங்க?

– யாரு முழிக்கிறா? இங்க பாரு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்கோ.

– சொல்லுங்க.

– டீச்சர்... நேத்து ராத்திரி...

– நேத்து ராத்திரி?

– தூக்கத்துலயே...

– அடப்பாவி மனுஷா! கொல்லப் பார்க்குறீங்களா?

– இல்ல, இல்ல! தூக்கத்துலயே கட்டில்லேர்ந்து உருண்டு விழுந்துட்டாங்க. ஒண்ணும் ஆகலை. கல்லு மாதிரி இருக்காங்க. எனக்கே சொல்ல வாய் வரலை, போ.

– அப்போ கட்டாயம் போய்ப் பார்க்கணும். விழுந்தவங்களைப் பார்க்காம இருக்கலாமா?

– பார்க்க முடியாது.

– அதான் ஏன்னு கேக்குறேன்.

– ஏன்னா... டீச்சர்னு யாருமே இல்ல.

– இல்லையா?

– இல்லவே இல்ல. எல்லாம் நான் கட்டின கதை. இப்படிப் பார்க்காதே.

– நீங்க முழுசா சொல்லி முடிங்க.

– அந்த அச்சகத்தை மூடினாங்களே... உன் ப்ரூஃப் பார்க்கிற வேலையும் போச்சே... அப்போ பிளாகையும் சேர்த்து மூடி வெச்சுட்ட. ஜன்னல் பக்கம் உக்காந்து, மடிச்ச துணியையே பிரிச்சு மறுபடி மடிப்ப. ஏன் எழுதலைன்னா, "இந்த நாலு சுவத்துக்குள்ள எழுத என்ன இருக்கு"ம்ப. நான்தான் நாலு இடம் போறேன், நாலு விஷயம் கொண்டுவந்து சொல்லலாம்னா, நான் பார்க்கிறது பூரா கம்பியும் கிரீஸும். ஒரு நாள் பஸ்ல வரும்போதுதான் யோசிச்சேன், இப்படி ஒரு டீச்சர் இருந்தா எப்படி இருக்கும்னு.

– பஸ்லயா?

– பஸ்லதான். தனியா சிரிச்சிருக்கேன் போல, பக்கத்துல இருந்தவர் எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டார். வீட்டுக்கு வந்து உன்கிட்ட சொன்னேன். நீ சிரிச்ச. அப்புறம் எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்த. அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம்... அதோட நிறுத்தியிருக்கணும். ஆழம் தெரியாம காலை விட்டுட்டேன்.

– பிளாகுக்கு மேல நான் என்ன எழுதி வெச்சிருக்கேன்?

– "நடந்ததை மட்டுமே எழுதுகிறேன்"னு. அதானே எனக்குப் பயம்! உன் எழுத்தைப் பொய்யாக்கிட்டேன். தெரிஞ்சா எல்லாத்தையும் அழிச்சுட்டு, மறுபடியும் அந்த ஜன்னல் பக்கம் போய் உக்காந்துடுவியோன்னு... அழிச்சுடாதேம்மா. வேணும்னா என்னைப் புளுகன்னு ஒரு பதிவு போட்டுடு. கம்பெனில சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

– டீச்சர் பதிவு ஒவ்வொண்ணும் எப்படி ஆரம்பிக்கும்? சொல்லுங்க பார்ப்போம்.

– எப்படின்னா... "இன்று அவர் வேலை முடிந்து வந்து, கை கழுவிவிட்டு, எனக்கு ஒன்று சொன்னார்."

– வந்தீங்களா?

– வந்தேன்.

– கை கழுவினீங்களா?

– கழுவினேன்.

– சொன்னீங்களா?

– சொன்னேன்...

– அப்போ நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்? அதுல எது பொய்?

– இரு, இரு. உனக்கு... தெரியுமா?

– போன வருஷம் பல்லைக் காட்டப் போனேனே, அந்த டாக்டர் எங்க இருக்கார்?

– தபால் ஆபீஸுக்கு... பின்னாடி.

– அந்தக் கட்டடத்து லிஃப்ட்ல எத்தனை மாடிக்குப் பட்டன் இருக்கு?

– மூணு...

– அப்போ டீச்சர் மொட்டை மாடில தண்ணித் தொட்டி பக்கத்துல குடியிருக்காங்களா?

– அட ஆமா! நாலுன்னு வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன்.

– லிஃப்ட் ரிப்பேர் பண்ற ஆளு மாடியை எண்ணாம பொய் சொல்லலாமா? எனக்குச் சிரிப்புன்னா சிரிப்பு. டாக்டர் வாயைத் திறங்கன்றார், நான் திறந்தா சிரிப்புதான் வருது.

– போன வருஷமே தெரிஞ்சும், வாராவாரம் கன்னத்துல கையை வெச்சுக்கிட்டு "அப்புறம்?", "அப்புறம்?"னு கேட்டியா?

– பின்ன? அலுத்துப்போய் வந்து உக்காருவீங்க. "அந்த டீச்சர் இருக்காங்களே"ன்னு ஆரம்பிச்சதும் உங்க முகம் அப்படியே மாறும். எனக்கு அது வேணும்ங்க. குட்டை உடைச்சுட்டு அதை இழக்க நான் என்ன பைத்தியமா?

– பொல்லாதவடி நீ! ஆக, நாம ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிங்க. ஆனா அந்த வாசகி பாவம்ல... கண்ணு நோகப் பின்னியிருக்காங்க. அவங்களுக்கு என்ன பதில் சொல்லப் போற?

– அதை அப்புறம் பார்க்கலாம். கையைத் தூக்குங்க.

– எதுக்கு?

– தூக்குங்கன்னா! தலையை விடுங்க... இப்போ அந்தக் கை.

– ஏய், ஊரார் வீட்டுப் பொருளை எனக்கு எதுக்கு... அட! தோள் கச்சிதமா உக்காருதே. கை கூட மணிக்கட்டு வரைக்கும் சரியா இருக்கு. என் அளவு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

– உங்க சாம்பல் கலர் சட்டையை விரிச்சு வெச்சுத்தான் பின்னினேன். நீங்க வேலைக்குக் கிளம்பினதும் எடுப்பேன், படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி ஒளிச்சுடுவேன். இனிமே குழிக்குள்ள இறங்கும்போது இதைப் போட்டுக்கணும், சொல்லிட்டேன். கை கழுவியாச்சுல்ல? அப்போ உக்காந்து சொல்லுங்க... இந்த ஸ்வெட்டருக்கு டீச்சர் எத்தனை மார்க் போட்டாங்க?