பெஞ்சுல ஒரு இடம்

— அதெல்லாம் நடக்காது. முட்டிப் பட்டையைக் கொடுத்தாச்சு, நான் கிளம்புறேன். என் மூச்சுக்காத்துகூட இந்த மைதானத்துப் பக்கம் படக்கூடாது.

— மைதானம் அந்தப் பக்கம் இருக்கு. இது காலேஜ் கோச் ரூம். முதல்ல உட்காருங்க. எதுக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, திருட வந்தவர் மாதிரி?

— ஜன்னல் வழியா கோல் போஸ்ட் தெரியுது. எனக்கெதுக்கு வம்பு? இன்னைக்கு ஃபைனல். அதுவும் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னாடி உன்னோட கடைசி மேட்ச். தோத்துட்டு வந்து, கட்டின புருஷனே காலை வாரிட்டான்னு காலம் பூரா சொல்லிக் காட்டுவே.

— இத்தனை வருஷமா சொல்லிக் காட்டினேனா?

— காட்டல. அதான் எனக்கு இன்னும் பயம். திட்டியிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும்.

— சரி, ஒண்ணு சொல்லட்டா? முட்டிப் பட்டையை நான் மறந்துட்டு வரல. வேணும்னேதான் வீட்ல விட்டுட்டு வந்தேன்.

— அடிப்பாவி! கடையில தையல் மெஷின்ல ஒரு சட்டைக் காலர் பாதியில தொங்குது. நீ முட்டி வலியில துடிச்சிட்டு இருப்பியேன்னு அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். வாட்ச்மேன் பார்த்துடக் கூடாதுன்னு பின்வாசல்ல குப்பை வண்டிக்குப் பின்னால பதுங்கி வந்தேன்!

— கூப்பிட்டா வருவீங்களா நீங்க? அதான் இந்த வேலை பண்ணேன். கேளுங்க. எனக்கு இன்னைக்கு ஒரே ஒரு ஆசை. நீங்க பெஞ்சுல என் பக்கத்துல உட்காரணும். முதல் விசில்ல இருந்து கடைசி விசில் வரைக்கும்.

— உனக்குக் கப்பு வேண்டாமா?

— கப்பும் வேணும், நீங்களும் வேணும்.

— ரெண்டும் ஒண்ணா சேராது தாயே. மூணு ஃபைனல்ல பார்த்தோமே, போதாதா? முதல் தடவை முன் வரிசையில வந்து ஜம்முனு உட்கார்ந்தேன். நம்ம டீம் பொண்ணே நம்ம கோலுக்குள்ள பந்தை அடிச்சுட்டு முழிச்சுக்கிட்டு நின்னா. அடுத்த தடவை பெனால்டி. பந்து போஸ்ட்டைத் தாண்டி, சுவரைத் தாண்டி, எவனோ ஒருத்தன் சைக்கிள் கூடையில போய் விழுந்துச்சு. மூணாவது தடவை மழை. பந்து கோல் கோடு வரைக்கும் போய்ச் சேத்துல சிக்கி நின்னுச்சு பாரு, என் மூஞ்சிக்கு நேரா! எந்த ஊர்ல அப்படி நடக்கும்?

— சேறு இருந்தா சிக்கத்தான் செய்யும்.

— அப்புறம் உன் கோல்கீப்பர் நெட்டச்சி வந்தாளே. கண்ணுல தண்ணி. 'சார், தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த தடவை நீங்க வராம இருந்தா நல்லா இருக்கும்'னா. இப்ப ஜட்ஜா இருக்காளே, அவ சொன்ன முதல் தீர்ப்பு அதுதான்.

— சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா.

— சொன்னது பலிச்சுதே! அடுத்த வருஷம் நான் வரல. கப்பு வந்துச்சு. அன்னைல இருந்து உன் பொண்ணுங்க நம்ம வீட்டுக்கு வந்தாக்கூட நான் கொல்லைப்பக்கமா கடைக்குப் போயிடுவேன். எப்பவாவது மெஷின்ல ஊசி உடைஞ்சா, கரண்ட் போனா, சரி, நம்ம ராசி அப்படின்னு நினைச்சுக்குவேன். பழகிப் போச்சு.

— எனக்குப் பழகல.

— என்ன பழகல?

— அந்தக் காலி இடம். பெஞ்சுல எனக்கு வலப்பக்கம் யாரையும் உட்கார விட மாட்டேன். அங்க என் பையை வெச்சுடுவேன். எவளாவது எடுத்தா எரிஞ்சு விழுவேன். என்னை சிடுமூஞ்சின்னு பேசிக்குவாங்க. நம்ம ஆரம்பிச்சப்ப என்ன இருந்துச்சு சொல்லுங்க? ஆம்பளப் பசங்க ஆடி முடிச்சு, வெளிச்சம் மங்கினப்புறம் ஒரு மூலையைக் கொடுத்தாங்க. டீமுக்கு ஆள் பத்தல. கூடைப்பந்து ஆடுற பொண்ணுங்களைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். அரை டவுசர் போட விடமாட்டோம்னு அப்பாமாருங்க எல்லாம் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்தாங்க.

— முட்டிக்குக் கீழ நாலு விரல் இறக்கித் தெச்சுக் கொடுத்தேனே. வாய மூடிட்டுப் போனாங்க.

— ஆமா. பச்சைக் கலர்ல. ஜவுளிக்கடையில மிஞ்சிப்போன திரைச்சீலைத் துணி.

— துணி கெட்டி. பந்து பட்டா வலிக்காது.

— வேர்வையில ஊறினா ஆளுக்கு ரெண்டு கிலோ கூடும்! ஆனா அதைப் போட்டுக்கிட்டு ஆடின பொண்ணுங்கதான் இன்னைக்கு டாக்டரு, டிரைவரு, ஜட்ஜு. திங்கள்கிழமை புதுக் கோச்சா என் நாற்காலியில வந்து உட்காரப் போறாளே, அவளும் அந்தப் பச்சைத் துணியில ஓடினவதான். எனக்கு ஒரு குறையும் இல்லங்க. நல்லா வாழ்ந்தேன், பிடிச்ச வேலையைப் பார்த்தேன். தோத்த அன்னைக்கும் நல்லாத்தான் தூங்கினேன். ஒரே ஒண்ணு. கோல் விழுந்ததும் டக்குனு வலப்பக்கம் திரும்புவேன். பை இருக்கும்.

— பொண்ணுங்க இருக்காங்களே, அவங்களைப் பாரேன்.

— அவங்களா! கூடி நிக்க வெச்சுத் தொண்டை கிழியப் பேசுவேன். ஒருத்தியாவது என் கண்ணைப் பார்ப்பாளா? எல்லாத்துக்கும் பார்வை என் தலைக்கு மேல. முதல் டீம்தான் அப்படி இல்ல. அப்புறம் வந்த அத்தனை பேரும் அப்படித்தான். சாமி கும்பிடுறாங்க போலன்னு நானும் விட்டுட்டேன்.

— விட்டுத் தள்ளு. அதோட அந்தப் பெஞ்சுல நீ எங்க உட்காருறே? விசில் அடிச்சதும் எழுந்திரிச்சா, அந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடைதான். செமி ஃபைனல்ல தண்ணி பாட்டிலை ஒரு உதை விட்டே பாரு, அது நேரா போய் லைன்ஸ்மேன் தொப்பியைத் தட்டி விட்டுச்சு. அந்த ஆளு வெலவெலத்துப் போயிட்டான்.

— நில்லுங்க. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீதானே சொன்னே.

— நான் சொல்லல. எனக்கே அசிங்கமா இருந்துச்சு, வீட்ல மூச்சு விடல.

— அப்போ பேப்பர்ல வந்திருக்கும்.

— பேப்பர்காரன் பொண்ணுங்க மேட்சுக்கு என்னைக்கு வந்தான்? நேரா பேசுங்க. என் முகத்தைப் பார்த்துப் பேசுங்க.

— வம்பா போச்சே… சரி. திட்டாதே. சுவருக்கு அந்தப் பக்கம் உசரமா ஒரு தண்ணித் தொட்டி இருக்குல்ல?

— நம்ம பெஞ்சுக்குப் பின்னால?

— அதேதான். அதுல பாதி ஏறினா ஒரு திட்டு வரும். அங்க நின்னா மைதானம் முழுசாத் தெரியும். தொட்டிக்கு மோட்டார் போடுறவர் நமக்கு வேண்டியவர், அவர் சட்டைக்கு அப்பப்ப பட்டன் தெச்சுக் கொடுப்பேன்.

— அங்க நின்னு மேட்ச் பார்த்தீங்களா? செமி ஃபைனலையா?

— செமி ஃபைனலையும்.

— 'செமி ஃபைனலையும்'னா?

— எல்லாத்தையும்தான். இந்த மைதானத்துல நீ ஆட வெச்ச எல்லா மேட்சும்.

— என்னங்க!

— என்னைக் கேட்டா அதுல ஒரு தப்பும் இல்ல. அது காலேஜ் இடம் கிடையாது. ராசி சுவர் ஏறிக் குதிக்காதுல்ல? மூஞ்சியும் தெரியக் கூடாதுன்னு இந்தக் குடையை விரிச்சு மறைச்சுக்குவேன்.

— அதானா? வெயிலும் இல்ல, மழையும் இல்ல, இந்த மனுஷன் எதுக்குக் குடையைத் தூக்கிட்டு அலையுறார்னு நானே நினைச்சேன். ஒரு தடவைகூட என் கண்ணுல படலையே!

— நீ எங்க திரும்புறே? உன் முதுகைத்தான் நான் பார்த்துட்டு இருந்தேன். எனக்கு ஆட்டம் இன்னைக்கு வரைக்கும் சரியாப் புரியாது. கோல் விழுந்தா உன் தோள் ரெண்டும் மேல ஏறுதான்னு பார்ப்பேன். ஏறினா நம்ம கோல். இறங்கினா அவங்க கோல்.

— என்னை அழ வைக்காதீங்க, வெளிய போய் நான் பேசணும்… இருங்க, இருங்க. நாம கப்பு வாங்கின மேட்ச் எல்லாத்துக்கும் நீங்க அங்க இருந்தீங்க?

— இருந்தேன்.

— வெளியூர் மேட்சுக்கு?

— அந்த ஊர்ல எல்லாம் எனக்கு ஏது தண்ணித் தொட்டி?

— வெளியூர் போனா நமக்கு அடிதான். புல்லு சரியில்ல, தண்ணி ஒத்துக்கலன்னு நானும் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லிட்டு இருந்தேன். நம்ம ஊர்ல மட்டும் நம்மளை அசைக்க முடியாது. இப்ப நீங்களே சொல்லுங்க. யாருக்கு ராசி இல்ல?

— நீ ஏதேதோ சொல்லி என்னைக் குழப்புறே.

— குழப்பல. நீங்க பார்க்கப் பார்க்கத்தான் நான் ஜெயிச்சிருக்கேன்.

— அப்போ… நான் ராசி கெட்டவன் இல்லையா?

— இல்லவே இல்ல.

— இன்னொரு தடவை சொல்லு.

— இல்லவே இல்லங்க. எழுந்திருங்க. சட்டையை உள்ள விட்டுக்கோங்க. பெஞ்சுல இருந்து என் பையை எடுத்துடுறேன்.

— சரி, வரேன். ஆனா கத்த மாட்டேன். எல்லாரும் கை தட்டினா தட்டுவேன். வேற ஏதாவது பண்ணணுமா?

— பக்கத்துல இருங்க. அது போதும்.

— கோச்! உள்ள வரலாமா கோச்?

— வா கேப்டன். என்ன இது, ஷூ லேஸ்கூட கட்டாம ஓடி வர்றே? வார்ம்-அப் முடிஞ்சுதா?

— இல்ல கோச். ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டேங்கிறா. கோல்கீப்பர் கிளவுஸைக் கழட்டி வெச்சுட்டு உட்கார்ந்திருக்கா. ரெண்டு பேர் அழுதுட்டு இருக்காங்க.

— யாருக்கு அடி பட்டுச்சு?

— அடியெல்லாம் இல்ல கோச். அது வந்து… நீங்க திட்டக் கூடாது.

— மேட்ச்சுக்கு நேரமாச்சு, விஷயத்துக்கு வா.

— குடை வரல கோச்.

— குடையா?

— தண்ணித் தொட்டி மேல ஒரு குடை நிக்கும். கறுப்புக் குடை. எப்பவும் வார்ம்-அப் நேரத்துலயே வந்துடும். இன்னைக்கு இன்னும் காணோம். இதுவரைக்கும் வராம இருந்ததே இல்ல, சத்தியமா.

— அப்போ நான் பேசும்போது எல்லாரும் என் தலைக்கு மேல பார்க்குறது…

— குடையைத்தான் கோச். சாரி கோச்.

— குடைக்கும் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

— அது… சார் வேற இருக்காரு.

— சார் நம்ம ஆள்தான். தயங்காம சொல்லு.

— டீமுக்குள்ள வந்து ஜெர்சி வாங்குற அன்னைக்கே சீனியருங்க காதுல சொல்லி விடுவாங்க கோச். அவங்களுக்கு அவங்க சீனியருங்க சொன்னது. நீங்க மனசுல வெச்சுக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு… ராசி பத்தாதாம். அவர் மைதானத்துக்குள்ள கால் வெச்சா நாம தோத்துடுவோமாம். முன்னாடி மூணு ஃபைனல் அப்படித்தான் போச்சாம்.

— ம். அப்புறம்?

— அதனால அவர் உள்ள நுழைஞ்சுடாம இருக்கறதுக்கு ஒருத்தர் காவல் காக்குறாராம். சுவருக்கு அந்தப் பக்கம், தொட்டி மேல ஏறி நின்னு ரெண்டு வாசலையும் பார்த்துட்டே இருப்பாராம். யாரு, எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மேல குடை தெரிஞ்சா நிம்மதி, உங்க வீட்டுக்காரர் வெளிய இருக்கார்னு அர்த்தம். அதுக்கப்புறம் எவ்வளவு பெரிய டீம் வந்தாலும் எங்களுக்குப் பயமே வராது கோச். வெளியூர்ல குடை இருக்காதா, ஒரு பாஸ்கூட ஒழுங்காப் போகாது.

— அட கடவுளே.

— இன்னைக்குக் குடை இல்ல. அப்படின்னா உங்க வீட்டுக்காரர் எப்படியோ உள்ள புகுந்துட்டார் கோச்! பின்வாசல் வழியா ஒருத்தர் பதுங்கிப் பதுங்கி வந்ததைக் கோல்கீப்பர் பார்த்தாளாம். கோச்? ஏன் கோச் சிரிக்கிறீங்க? ஐயோ, அழுறீங்களா?

— ரெண்டும்தான்டி. கொஞ்சம் இரு.

— நான் சொல்லியிருக்கவே கூடாது… சார், நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க… சார்! அந்தக் குடை… அதைக் கொஞ்சம் திருப்புங்களேன். அந்த ஓரத்துல பச்சையா இருக்கறது என்ன?

— இதுவா? கிழிஞ்சுதும்மா, ஒட்டுப் போட்டேன்.

— பச்சை ஒட்டு! நடு மைதானத்துல நின்னா அது மட்டும் பளிச்சுனு தெரியும். சார், நீங்களா அது? நீங்கதானா?

— கேப்டன், அந்தப் பச்சை என்ன துணி தெரியுமா? நம்ம காலேஜ் முதல் டீம் போட்ட ஜெர்சித் துணி. இவர் யாருன்னு உனக்குத் தெரியுமா? இவர்தான் என்—

— பொறு, பொறு. இந்த மூலைக்கு வா, அந்தப் பொண்ணு காதுல விழப் போகுது. அதை இப்ப சொல்லாதே.

— ஏங்க? சொல்லிட்டா எல்லாம் முடிஞ்சுது. இத்தனை வருஷத்துப் பேச்சு இன்னைக்கோட போயிடும். நீங்க என் பக்கத்துல உட்காரலாம்.

— மேட்ச் முடியட்டும். அப்புறம் ஊர் பூரா சொல்லு. இப்பச் சொன்னா அங்க அழுதுட்டு இருக்கற பொண்ணுங்க கால் எழும்புமா? அவங்க இத்தனை நாளும் அண்ணாந்து பார்த்தது என்னைத்தானாம். எனக்கு இது போதும். இதுக்கு மேல என்ன வேணும்?

— அப்போ என் பெஞ்சு?

— பையையே வை. ஆனா கோல் விழுந்ததும் வலப்பக்கம் திரும்பாதே. பின்னால திரும்பு. கொஞ்சம் மேல பாரு.

— பார்க்குறேன். கண்டிப்பாப் பார்க்குறேன்.

— என்ன கோச், மூலையில குசுகுசுன்னு? சாரை உங்களுக்கு ஏற்கெனவே தெரியுமா?

— கொஞ்சம் பழக்கம். லேஸைக் கட்டு முதல்ல, தடுக்கி விழப் போறே.

— சார், அப்போ கோச் வீட்டுக்காரர்? அவர் உள்ள வந்துட்டாரா, இல்லையா? பொண்ணுங்க கேட்டா நான் என்ன சொல்ல?

— வந்தார்னே சொல்லும்மா. இந்த ரூம் வரைக்கும் வந்துட்டார், ஆனா குடைக்காரர் அவரைக் கையோட வெளிய கூட்டிட்டுப் போறார்னு சொல்லு.