ஐந்தருவித் தண்ணி வைத்தியம்

மூக்கம்மாள்: ஆபரேஷனும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் அபி! ஒங்கப்பா கொண்டார அருவித் தண்ணில துணிய நனைச்சு முட்டுல கட்டுனா... வலி பறந்துருதுட்டி.

அபி: பறந்தது மறுநாளு திரும்பி வந்துருதேம்மா. நான் நர்சா இருந்து என்ன புண்ணியம்? எங்க டாக்டர் ஒரு தடவ பாக்கட்டுமே...

முத்துச்செல்வம்: டாக்டர் எதுக்கு தாயி? அப்பன் நான் இருக்கேன்லா! தெனமும் ஐந்தருவிப் பாறையில ஒத்தக் கால்ல நின்னு, கேன நீட்டுனா... மேல இருந்து தண்ணி யானை மாதிரில்லா எறங்குது!

அபி: எப்ப?

முத்துச்செல்வம்: இன்னைக்குக் காலம்பறக்கூட!

அபி: அப்பா... நான் நேத்து பிரண்ட்ஸோட அங்கன போயிருந்தேன். சித்திரை வெயில்ல பாறை காஞ்சு கெடக்கு. குரங்கு எங்க பாட்டிலப் பிடுங்கிக் குடிக்கி.

மூக்கம்மாள்: என்னங்க, யானை எங்கன போச்சு?

முத்துச்செல்வம்: அது... பஸ் ஸ்டாண்டு கொழாத் தண்ணி, மூக்கு.

மூக்கம்மாள்: அடப் பாவி மனுசா! இத்தன நாளுமா?

அபி: இதுக்கு எங்க படிப்புல பேரே இருக்குப்பா. பிளாசிபோ.

முத்துச்செல்வம்: என்ன செக்‌ஷன்ட்டி அது? ஜாமீன் உண்டா?

அபி: ரிட்டயர்டு ஆயும் போலீஸ் ஏட்டையா புத்தி போவலியே! அது லத்தீன் வார்த்த. 'நான் மகிழ்விப்பேன்'னு அர்த்தம். மருந்தே இல்லாத மாத்திரையக் குடுத்து நோயாளி மனசக் குளிர வைக்கது.

முத்துச்செல்வம்: கேட்டியா மூக்கு? ஒன்னய மகிழ்விச்சிருக்கேன்!

அபி: இருங்க, முடிக்கல. மொதல்ல அது செத்தவங்களுக்குச் சொல்லுத செபத்துல இருந்த வார்த்த. அந்தக் காலத்து ஐரோப்பாவுல, செத்தது யாருன்னே தெரியாதவன்லாம் சோத்துக்காக எழவு வீட்டுல போயி அதப் பாடுவானாம். போலிக்கெல்லாம் அந்தப் பேரு ஒட்டிக்கிட்டு, பெறவு மருந்துக்கும் வந்துட்டு.

மூக்கம்மாள்: எழவுப் பாட்டா! ஐயோ... நான் குத்துக்கல்லாட்டம் இருக்கையிலயே எனக்கு எழவு பாடிட்டு, டீக்கடையில வடை தின்னுருக்காரே!

முத்துச்செல்வம்: வடையா? எவன் சொன்னான்?

மூக்கம்மாள்: ஒங்க மீசையில காஞ்சு கெடக்க சட்னி சொல்லுது.

அபி: சண்டைய நிறுத்துங்க ரெண்டு பேரும்! தண்ணி போலின்னா, முட்டு வலிக்கு இன்னும் வைத்தியமே பாக்கலன்னுதான அர்த்தம்? இந்தா டாக்டருக்குப் போன் போடுதேன். நாளைக்கு ஸ்கேன். தேவைன்னா முட்டத் தொறந்துருவாரு.

மூக்கம்மாள்: தொறந்தா? ஏட்டி, போன வையி!

அபி: ரிங் போவுது.

முத்துச்செல்வம்: பயப்படாத மூக்கு. ஆஸ்பத்திரியில ராவும் பவலும் ஒன் கட்டில் பக்கத்துலயே இருப்பேன். ஒரு நிமிசம் நவர மாட்டேன்.

மூக்கம்மாள்: ஐயையோ...

அபி: ஹலோ, டாக்டர்? நான் அபி. எங்கம்மாவுக்கு முட்டு...

மூக்கம்மாள்: போன அணச்சுருட்டி! எனக்கு எந்தக் காலத்துல முட்டு வலிச்சுது? ரிட்டயர்டு ஆன மறுநாள்ல இருந்து இந்த மனுசன் அடுக்களையில நின்னு, கடுகு வெடிக்கட்டும், தோசையத் திருப்பு, அடுப்பக் கொறன்னு கை காட்டிக்கிட்டு டிராபிக் டூட்டி பாத்தாரு... காலையில கொஞ்ச நேரம் வீட்ட விட்டுக் கெளப்ப எனக்கு வேற வழி தெரியல!