போலந்து முன்னேறக் கூடாது

ஞாயிறு பூசை முடிந்து வெஸ்ட்லி போகும் நகர ரயிலில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

“போலந்து முன்னேறக் கூடாதெண்டு மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வாறன்,” என்றார் மூத்தவர்.

“உங்களுக்கென்ன விசரே அக்கா? மருமோன்ரை நாடெல்லோ!” என்று மற்றவர் சிரித்தார்.

“அதுதான். அங்கை வேலையில்லை எண்டு இஞ்சை வந்தவன். இப்ப அங்கை புதுப்புதுக் கொம்பனியள் திறக்குதாம். மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகப்போறானாம். எனக்கு அவள் ஒருத்திதானே.”

மற்றவரின் சிரிப்பு நின்றது.

“அங்கை அவன்ரை தாயும் மாதாவிட்டைத்தானே கேட்டிருப்பா, அக்கா? நாடு நல்லா வரவேணும், மகன் திரும்பி வரவேணுமெண்டு.”

ஸ்டோவ்னர் நிலையம் வந்ததும் மூத்தவர் இறங்க எழுந்தார்.

“ஓம்,” என்றார். “அவ எனக்கு முந்திக் கேட்டிட்டா.”