சாமி படம் போட்ட பொட்டலம்

அர்த்தநாரி: …குடு பாவாயி. ஒரே ஒரு துணுக்கு. பஸ்சு வர்ற வரைக்கும்.

பாவாயி: எதைங்க?

அர்த்தநாரி: தெரியாத மாதிரி கேக்காத. ஆசுபத்திரியில என்ற மடியிலிருந்து உருவுனியே, அந்தப் பொகையிலப் பொட்டலத்தை.

பாவாயி: சாக்கடையில போட்டுட்டனுங்க.

அர்த்தநாரி: அடிப்பாவி! சேலத்துலிருந்து நம்மூரு வேலூரு போய்ச் சேர்ற வரைக்கும் வெறும் வாயோடவா…

பாவாயி: நாக்குக்கு அடியில அத்தாப்பெரிய புண்ணு. இனித் தொடவே கூடாதுன்னு டாக்டரு சொன்னது காதுல உழுவலீங்களா?

அர்த்தநாரி: அந்தாளு மேசை மேலயே சிகரெட்டுப் பொட்டி கெடந்துச்சே!

பாவாயி: கெடந்துட்டுப் போகுதுங்க.

அர்த்தநாரி: அதுலதான் ஒடம்புக்குக் கேடுன்னு போட்டிருக்குது. சர்க்காரே இப்பப் புதுசாச் சட்டம் போட்டு எழுத வெச்சுதாம். மாப்பிள்ளை படிச்சுச் சொன்னாரு.

பாவாயி: என்ன எழுத்துலீங்க?

அர்த்தநாரி: இங்கிலீசுல.

பாவாயி: அப்ப அது நம்மளுக்கு எழுதுனது இல்லீங்க.

அர்த்தநாரி: அதத்தான நானுஞ் சொல்றேன்! என்ற பொட்டலத்துல ஒரு எழுத்து உண்டா? சாமி படந்தான். கேடுன்னா சர்க்காரு சும்மா உட்டிருக்குமா?

பாவாயி: சர்க்காரு உங்க வாயைத் தொறந்து பாத்துதுங்களா… டாக்டரு பாத்தாரு.

அர்த்தநாரி: பாத்துட்டு? என்னைய வெளிய உக்கார வெச்சுட்டு உன்கிட்ட அத்தன நேரம் என்ன பேச்சு?

பாவாயி: ஒண்ணுமில்லீங்க. சாதாப் புண்ணுதானாம். ஒருக்கா மெட்ராசுல காட்டிட்டா…

அர்த்தநாரி: சாதாப் புண்ணுக்கு மெட்ராசா?

பாவாயி: அங்க நல்ல மருந்து இருக்குதாமுங்க…

அர்த்தநாரி: உடு. நர்சம்மா பேசிக்கிட்டதைக் கேட்டுட்டுத்தான் இருந்தேன். புத்து நோயி. பாதி நாக்கை எடுக்கோணுமாம்.

பாவாயி: சாமீ… தெரிஞ்சுக்கிட்டேவா பொகையில கேட்டீங்க?

அர்த்தநாரி: நாக்கு இருக்கறப்பத்தான கேக்க முடியும்.

பாவாயி: அப்படிப் பேசாதீங்க. இப்பவே போனா பொழச்சுக்கலாமுங்க. நெசமா, டாக்டரு சொன்னாரு.

அர்த்தநாரி: சரி, போலாம். அழுவாத… ஆளுக பாக்கறாங்க.

பாவாயி: பாத்தாப் பாக்கட்டும்.

அர்த்தநாரி: ஏம்புள்ள… நீயும் எங்கூட அதையே மென்னவதான? உன்ற வாயையும் பாக்கறேன்னு டாக்டரு கூப்பிட்டாரே, ஏன் மாட்டேன்னுட்ட?

பாவாயி: கன்னத்துக்குள்ள எனக்கும் ஒண்ணு இருக்குதுங்க… தை மாசத்துலிருந்தே. காட்டியிருந்தா ஆசுபத்திரியில எனக்கும் ஒரு கட்டிலைப் போட்டுருவாங்க. அப்பறம் உங்களுக்கு ஆருங்க கஞ்சி ஊத்தறது?